கல்லூரி வைட் ரிசீவர் என்.எஃப்.எல்லில் தேறுவாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் கல்லூரி அமெரிக்கக் கால்பந்துதான் ஓடும். வந்து போகும் நண்பர்கள், ஊரிலிருந்து வந்து தங்கும் பெரியவர்கள், பள்ளி அணியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் என்று யார் உட்கார்ந்தாலும், ஒரு ரிசீவர் பாய்ந்து பந்தைப் பிடித்ததும் வருவது ஒரே கேள்விதான்: இந்தப் பையன் பெரிய லீக்கில், அதாவது தொழில்முறை ஆட்டமான என்.எஃப்.எல்லில், தேறுவானா? பல வருடமாக வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல் அணிகள் எடுக்கும் தேர்வான டிராஃப்டில், 2017ஆம் ஆண்டு அடிக்கடி வரும். இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

வைட் ரிசீவர்னா பந்து பிடிக்கிற ஆளுதானே? அதுல என்ன பெரிய வித்தை?

பிடிப்பது கடைசி அரை நொடி வேலை. அதற்கு முன்னால் நடப்பதுதான் தொழில். ஒவ்வொரு ஆட்டத் திட்டத்திலும் ரிசீவருக்கு ஒரு பாதை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அதை ரூட் என்பார்கள். பத்து யார்டு ஓடி உள்ளே வெட்டு, பன்னிரண்டு யார்டு ஓடித் திரும்பி நில், நேராகப் பற என்று பல வகை. பந்தை எறியும் குவாட்டர்பேக் பெரும்பாலும் ரிசீவர் திரும்பிப் பார்க்கும் முன்பே எறிந்துவிடுவார். அந்த இடத்தில், அந்த நொடியில் ரிசீவர் இருந்தாக வேண்டும். ஒரு அடி தள்ளி நின்றாலும் பந்து எதிரணிக் கைக்குப் போகும்.

இதையெல்லாம் தடுக்கவென்றே கார்னர்பேக் ஒருவர் மூக்கோடு மூக்கு உரச எதிரே நிற்கிறார். அவரை ஏமாற்றி விலகி வருவதுதான் வித்தை.

கல்லூரியிலிருந்து என்.எஃப்.எல்லுக்கு எப்படிப் போறாங்க? பரீட்சை மாதிரி ஏதாவதா?

ஏப்ரலில் டிராஃப்ட் என்ற தேர்வு நடக்கும். 32 அணிகள், 7 சுற்றுகள், எல்லாம் சேர்த்து 250க்குச் சற்று மேற்பட்ட இடங்கள். முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. எந்த அணி எடுக்கிறதோ அந்த அணிக்குத்தான் போக வேண்டும். பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆன பிறகே ஒருவர் இதில் பெயர் கொடுக்க முடியும்.

டிராஃப்டுக்கு முன், பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் காம்பைன் நடக்கும். ஓட்டம், தாவல், உடல் அளவு, மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் எல்லாம் அங்கே. பரீட்சை என்று ஒன்றைச் சொல்வதானால் அதைச் சொல்லலாம். ஆனால் மூன்று வருட ஆட்டக் காணொளிதான் உண்மையான விடைத்தாள்.

எத்தனை பேருக்குத்தான் இடம் கிடைக்குது?

டிராஃப்டுக்குத் தகுதி பெறும் கல்லூரி வீரர்களில் சுமார் 1.6 சதவீதம் பேர்தான் என்.எஃப்.எல்லை எட்டுகிறார்கள் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ கணக்குச் சொல்லியிருக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய முப்பது ரிசீவர்கள் தேர்வாகிறார்கள். ஒரு அணியின் 53 பேரில் ரிசீவர்களுக்கு ஐந்து அல்லது ஆறு இடம். லீக் முழுவதும் சேர்த்தால் இருநூறைத் தாண்டாது.

அந்த இருநூறு இடமும் காலியாக இல்லை, ஏற்கெனவே ஆள் இருக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொருவரும் ஒருவரை வீட்டுக்கு அனுப்பித்தான் உள்ளே வருகிறார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

கல்லூரியில ஆயிரம் ரெண்டாயிரம் யார்டு எடுத்தவன் மேலேயும் எடுப்பான்தானே?

எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் இது. 1999இல் நெவாடா பல்கலைக்கழகத்தின் டிரெவர் இன்ஸ்லி ஒரே பருவத்தில் 2,060 யார்டு எடுத்தார், அதாவது பிடித்த பந்துகளால் அணியை அவ்வளவு தூரம் முன்னேற்றினார். கல்லூரி உயர் பிரிவில் 2,000ஐத் தாண்டிய முதல் ஆள் அவர்தான். டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. கோல்ட்ஸ் அணியில் கொஞ்ச நாள் ஆடியதோடு சரி. வெஸ்டர்ன் மிச்சிகனின் கோரி டேவிஸ் நான்கு ஆண்டுகளில் 5,285 யார்டு எடுத்து அந்தப் பிரிவின் சாதனையோடு 2017இல் ஐந்தாவது ஆளாகத் தேர்வானார். தொழில்முறையில் ஒரு பருவத்தில்கூட ஆயிரத்தைத் தொடவில்லை. 2020இல் 984 வரை வந்து நின்றார்.

கல்லூரியில் அணிக்கு அணி பாணி வேறு. சில பயிற்சியாளர்கள் ஆட்டத்துக்கு ஐம்பது அறுபது முறை பந்தை எறிய வைப்பார்கள். அங்கே யார் நின்றாலும் எண்ணிக்கை ஏறும். எதிரே நிற்கும் கார்னர்பேக்குகளில் பெரும்பாலோர் படிப்பு முடித்ததும் ஆட்டத்தை விட்டுவிடப் போகிறவர்கள்.

மறுபக்கமும் உண்டு. ஒஹாயோ ஸ்டேட்டின் டெர்ரி மெக்லாரின் கடைசி ஆண்டில் எடுத்தது 35 பந்து, 701 யார்டு. 2019இல் மூன்றாம் சுற்றில் 76ஆவதாகப் போய், வாஷிங்டன் அணியின் முதன்மை ரிசீவர் ஆனார். அவரது கல்லூரி அணியில் பந்தைப் பங்குபோட நிறையப் பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். எண்ணைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால் மொத்த யார்டை விட்டுவிட்டு, தன் அணி எறிந்த யார்டில் அவருடைய பங்கு எவ்வளவு என்று பாருங்கள்.

40 யார்டு ஓட்டத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? வேகமா ஓடினாப் போதாதா?

நாற்பது யார்டு என்பது 36.6 மீட்டர். 2017இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் ராஸ் அதை 4.22 நொடியில் ஓடினார். அப்போது அது காம்பைன் சாதனை. 2024இல் சேவியர் வொர்தி 4.21இல் ஓடும் வரை நின்றது. ராஸை பெங்கால்ஸ் அணி ஒன்பதாவதாக எடுத்தது. முதல் ஆண்டில் அவர் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. கல்லூரியிலேயே முழங்கால் காயம் கண்டவர். லீக்கிலும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. அதே காம்பைனில் 4.62இல் ஓடிய ஒருவரை 'மெதுவான ஆள்' என்று எழுதினார்கள். அவர் பெயர் கூப்பர் கப். மூன்றாம் சுற்றில் 69ஆவதாக ராம்ஸ் அணி எடுத்தது. 2021இல் 145 பந்து, 1,947 யார்டு, 16 டச்டவுன் (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) என்று மூன்றிலும் லீக்கின் முதலிடம் பிடித்து, இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் சிறந்த வீரராகவும் ஆனார்.

வேகத்தால் பயன் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வேகமான ஆளுக்கு எதிரணி பயந்து பத்து யார்டு தள்ளி நிற்கும். அந்த இடைவெளியே ஒரு சொத்து. ஆனால் அந்த ஓட்டத்தில் எதிரே ஆள் கிடையாது, திரும்பல் கிடையாது, பந்தும் கிடையாது.

கூம்புகளைச் சுற்றி ஓடும் சோதனையும் இப்படித்தான். டி.கே. மெட்காஃப் 2019இல் அதை 7.38 நொடியில் முடித்தார். குவாட்டர்பேக் டாம் பிரேடி தன் காலத்தில் எடுத்த 7.20ஐவிட இது மோசம் என்று ஊரே பேசியது. 103 கிலோ உடம்போடு நாற்பது யார்டை 4.33இல் ஓடியவர் என்பது பின்னால் போய்விட்டது. இரண்டாம் சுற்றின் கடைசி இடமான 64இல் சியாட்டில் எடுத்தது. அடுத்த ஆண்டே 1,300 யார்டு எடுத்தார். எந்தச் சோதனையும் ஒரு ஜன்னல். அது வழியாகத் தெரிவது அறையின் ஒரு மூலை மட்டும்.

அப்போ எதைத்தான் பார்க்கணும்?

பந்து புறப்பட்ட நொடியில் இருந்து முதல் இரண்டு அடியைப் பாருங்கள். கார்னர்பேக் கையை நெஞ்சில் வைத்து அழுத்த வருவார். அதைத் தட்டிவிட்டுப் பக்கவாட்டில் நழுவத் தெரிகிறதா? இதை ரிலீஸ் என்பார்கள். கல்லூரியில் பல அணிகள் ரிசீவர்களைத் தள்ளி நின்று காவல் காப்பதால், சில நட்சத்திரங்கள் மூன்று வருடம் இந்தச் சோதனையைச் சந்திக்காமலே டிராஃப்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

அடுத்தது திரும்பும் இடம். முழு வேகத்தில் ஓடிவந்து, இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு மூன்று அடியில் நின்று வெட்ட வேண்டும். பலர் நிற்கப் போவதை ஐந்தடி முன்பே உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். நெஞ்சு நிமிரும், கை ஆட்டம் குறையும். தேர்ந்த கார்னர்பேக்குக்கு அது போதும். கப்பைப் பாருங்கள், எல்லா ரூட்டும் முதல் எட்டு யார்டு ஒரே மாதிரி இருக்கும். எங்கே வெட்டுவார் என்று எதிராளிக்குக் கடைசி வரை தெரியாது. 4.62 ஓட்டக்காரர் எல்லோரையும் விட்டு விலகி நின்றதன் ரகசியம் அதுதான்.

மூன்றாவது, காவலைப் படிக்கும் அறிவு. எதிரணி ஆளுக்கு ஆள் நிற்கிறதா, பகுதி பிரித்து நிற்கிறதா என்று ஓடும்போதே கண்டுபிடித்து ரூட்டை மாற்ற வேண்டும். குவாட்டர்பேக்கும் அதே நொடியில் அதையே கண்டிருக்க வேண்டும். இதைக் காம்பைனில் அளக்க வழியில்லை.

கைகளைக் கடைசியில் வைக்கிறேன். இந்த அளவுக்கு வந்த எல்லோருக்கும் கை நன்றாகவே இருக்கும். பந்தை உடம்பில் வாங்காமல் விரல்களால் எட்டிப் பிடிக்கிறாரா என்று மட்டும் பார்த்தால் போதும். எதிராளி மேலே விழ விழத் தாவிப் பிடிக்கும் பந்து கண்ணுக்கு விருந்து. ஆனால் ஒருவர் பிடிப்பதில் பாதி அப்படித்தான் என்றால் எனக்குக் கவலை வந்துவிடும். விலகி வரத் தெரியாததால்தான் அப்படிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வயசு ஒரு விஷயமா? இருபத்தொண்ணுக்கும் இருபத்துமூணுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

விஷயம்தான். 23 வயதில் 19 வயதுப் பையன்களை எதிர்த்து ஆடி எடுத்த யார்டுக்கு மதிப்புக் குறைவு. அதனால் அணிகள், முதன்முதலில் எந்த வயதில் இவர் அணியின் முக்கிய ஆளானார் என்று பார்க்கின்றன. கடைசி ஆண்டில் மட்டும் திடீரென்று பூத்தவரைவிட, சேர்ந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ மூத்தவர்களை ஓரங்கட்டியவர் மேல் நம்பிக்கை அதிகம்.

கப் டிராஃப்டின்போது 24ஐ நெருங்கிக்கொண்டிருந்தார், அது அவருக்கு ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. ஆனால் களமிறங்கிய முதல் பருவத்திலேயே, 2013இல், 1,691 யார்டு எடுத்தவர் அவர். வயதைப் பார்த்தவர்கள் அதைச் சேர்த்துப் பார்த்திருக்கலாம்.

சின்ன காலேஜ் பையனுக்கு வாய்ப்பே இல்லையா?

இருக்கிறது, கதவு குறுகல் என்பது மட்டுமே நிஜம். லீக் வரலாற்றில் 22,895 யார்டு என்று எவரும் அருகில் வராத இடத்தில் நிற்கும் ஜெர்ரி ரைஸ், மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தின் மாணவர். 1985இல் சான் பிரான்சிஸ்கோ அவரை 16ஆவதாக எடுத்தது.

கப் படித்தது ஈஸ்டர்ன் வாஷிங்டன். இரண்டாம் படிநிலைப் பிரிவு. சிவப்பு நிறச் செயற்கைப் புல் போட்ட மைதானம். 428 பந்து, 6,464 யார்டு, 73 டச்டவுன் என்று அவர் குவித்ததைப் பார்த்தவர்கள், எதிரணி பலவீனம் என்றார்கள். நான்காவது பதிலில் நான் சொன்ன காரணம்தான், நியாயமான சந்தேகமும்கூட. அதற்கு விடை அட்டவணையிலேயே இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பசிபிக் கரையின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றோடு அவரது அணி மோதும். 2015இல் ஆரகனுக்கு எதிராக 15 பந்து, 246 யார்டு. 2016இல் வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 12 பந்து, 206 யார்டு, அணியும் 45-42 என்று வென்றது. சிறிய கல்லூரி வீரரை எடைபோட வேண்டுமானால் பெரிய அணிகளோடு ஆடிய அந்த ஒன்றிரண்டு ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள்.

உடம்பு ஒல்லியா இருந்தா நொறுக்கிட மாட்டாங்களா?

டெவாண்டா ஸ்மித் பற்றி இதையேதான் சொன்னார்கள். ஆறடி உயரம், எடை 75 கிலோ. 2020இல் அலபாமாவுக்காக ஆடி, ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார். ரிசீவர் ஒருவருக்கு அது கிடைத்தது 1991க்குப் பிறகு அப்போதுதான். பிலடெல்பியா பத்தாவதாக எடுத்தது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் ஆயிரம் யார்டைத் தாண்டினார்.

அவரை அடிப்பதற்கு முதலில் அவரைத் தொட வேண்டும். ரிலீஸ் அந்த அளவு சுத்தம். அந்தத் திறமை இல்லாத ஒல்லி உடம்பு என்றால் உங்கள் பயம் சரிதான். ஓரத்தில் நின்று கார்னர்பேக்கின் கையை நேரடியாக வாங்குவதற்குப் பதில், உட்புறத்தில் ஸ்லாட் என்ற இடத்தில் ஆடவைத்து அணிகள் சமாளிக்கும்.

காலேஜ், என்.எஃப்.எல் ரெண்டும் ஒரே ஆட்டம்தானே? விதியில என்ன மாறுது?

கல்லூரியில் ஒரு கால் கோட்டுக்குள் பட்டால் போதும், என்.எஃப்.எல்லில் இரண்டு காலும் பட வேண்டும். ஓரக்கோட்டில் பிடிக்கும் பந்துகளில் பல இதனாலேயே செல்லாமல் போகும். கல்லூரியில் நல்ல ரிசீவர் தேவையில்லாவிட்டாலும் இரண்டாவது காலை உள்ளே இழுத்து வைப்பார். அதைக் கண்டால் எனக்குச் சந்தோஷம்.

ஆட்டம் தொடங்கும் உள்கோடுகளின் இடைவெளியும் வேறு. கல்லூரியில் 40 அடி, என்.எஃப்.எல்லில் 18.5 அடி. அதனால் கல்லூரியில் ஒரு பக்கம் பெரிய திறந்தவெளி கிடைக்கும், வேகமான ஆளுக்கு அது கொண்டாட்டம். மேலே அந்த வெளி சுருங்கிவிடும். தொடுவது பற்றிய விதியோ என்.எஃப்.எல்லில் ரிசீவருக்குச் சாதகம்: ஐந்து யார்டுக்கு அப்பால் கை வைத்தால் தண்டனை. ஆனால் அந்த ஐந்து யார்டுக்குள் அவர்கள் கொடுக்கும் அடி கல்லூரியில் பார்க்காத அடி. முன்னே சொன்ன ரிலீஸுக்கு ஏன் முதலிடம் கொடுத்தேன் என்பது இதில் விளங்கும்.

முதல் ரவுண்டுல எடுத்துட்டா வாழ்க்கை செட்டில்தானே?

பணம் ஓரளவு செட்டில், ஆட்டம் இல்லை. 2016இல் முதல் சுற்றில் நான்கு ரிசீவர்கள் போனார்கள்: கோரி கோல்மன், வில் ஃபுல்லர், ஜாஷ் டாக்ட்சன், லாக்வான் டிரெட்வெல். நால்வரில் ஒருவர்கூட ஒரு பருவத்தில் ஆயிரம் யார்டு தொடவில்லை. அதே டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் 47ஆவதாகப் போன மைக்கேல் தாமஸ் 2019இல் 149 பந்து பிடித்தார். ஒரே பருவத்தில் அத்தனை பந்தை அதுவரை யாரும் பிடித்ததில்லை.

2017இல் முதல் பத்துக்குள் போனவர்கள் கோரி டேவிஸ், கிளெம்சனின் மைக் வில்லியம்ஸ், ஜான் ராஸ். இவர்களில் வில்லியம்ஸ் மட்டும் இரண்டு முறை ஆயிரம் தாண்டினார். பின்னால் வந்த ஜூஜு ஸ்மித்-ஷூஸ்டர் 62, கப் 69, கிறிஸ் காட்வின் 84, கென்னி கோலடே 96. இவர்களில் கப்பும் காட்வினும் முன்னால் போனவர்களைவிட மேலே போனார்கள். ஐந்தாம் சுற்றில் 177ஆவதாக எடுக்கப்பட்ட பூக்கா நகுவா 2023இல் முதல் ஆண்டிலேயே 1,486 யார்டு எடுத்து, புதுமுகங்களுக்கான 1960ஆம் ஆண்டுச் சாதனையை உடைத்தார்.

ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் முன்சுற்று ஆட்களே அதிகம் தேறுகிறார்கள். அதற்கு ஒரு காரணம் பொறுமை. பெரிய விலை கொடுத்து எடுத்தவருக்கு மூன்று வருடம் வாய்ப்புத் தருவார்கள். ஆறாம் சுற்று ஆளுக்கு ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு மோசமான வாரம் போதும், பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பந்து எறியறவன் சரியில்லைன்னா ரிசீவர் என்ன பண்ணுவான்?

பாதி விதி அங்கேதான் இருக்கிறது. கப் 2020இல் எடுத்தது 974 யார்டு. அடுத்த ஆண்டு மேத்யூ ஸ்டாஃபர்ட் குவாட்டர்பேக்காக வந்தார்; 1,947 ஆனது. ஆட்ட எண்ணிக்கை கூடியதைக் கழித்தாலும் அந்தத் தாவல் பெரிது. ஆள் அதே ஆள், பயிற்சியாளர் ஷான் மெக்வே அதே ஆள்.

ஆகவே ஒரு பையனைப் பற்றிக் கேட்கும்போது எந்த அணிக்குப் போகிறான் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வருடத்துக்கு ஒரு குவாட்டர்பேக்கை மாற்றும் அணிக்குப் போய் நல்ல ரிசீவர்கள் வாடியதை நிறையப் பார்த்திருக்கிறேன். டிராஃப்டில் அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீரருக்கு இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

பக்கத்துல இன்னொரு நல்ல ரிசீவர் இருந்ததாலதான் இவனுக்கு யார்டு வந்துச்சுன்னு சொல்றாங்களே?

கடினமான கேள்வி. 2019இல் எல்.எஸ்.யு. என்ற லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும் ஒன்றாக ஆடினார்கள், எறிந்தவர் ஜோ பரோ. சேஸ் 1,780 யார்டு, ஜெஃபர்சன் 1,540. எதிரணியின் சிறந்த கார்னர்பேக் சேஸிடம் போய்விடுகிறார், ஜெஃபர்சன் ஸ்லாட்டில் சுகமாக ஆடுகிறார், ஓரத்தில் நின்றால் தெரியும் சேதி என்று பேச்சு. 2020 டிராஃப்டில் ரிசீவர் தேவைப்பட்ட பிலடெல்பியா 21ஆவதாக ஜேலன் ரேகரை எடுத்தது. அடுத்த இடத்தில் மினசோட்டா ஜெஃபர்சனை எடுத்தது. முதல் ஆண்டு 1,400 யார்டு, 2022இல் 1,809, அதுவும் ஓரத்தில் நின்றே. ரேகர் நிலைக்கவில்லை.

எனவே பங்காளி இருப்பதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒற்றை ஆளாக, ஒற்றைக் காவலனுக்கு எதிராக ஆடிய சந்தர்ப்பங்களை மட்டும் பிரித்தெடுத்துப் பாருங்கள். அங்கே விலகி வருகிறாரா? வந்தால் பக்கத்தில் யார் நின்றார் என்பது ஒரு பொருட்டே இல்லை.

இப்பல்லாம் காலேஜ்லயே பணம் வருதே. சீக்கிரம் கிளம்பணுமா, இருந்து ஆடணுமா?

2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகவும் கொடுக்கின்றன. முன்பு வீட்டுக் கஷ்டத்துக்காக அவசரமாகக் கிளம்பியவர்கள் இப்போது இன்னொரு வருடம் இருந்து ரூட்டைக் கூர்மையாக்கிக்கொள்ள முடிகிறது. மூன்றாம் சுற்றுக்குப் பின்னால்தான் போவோம் என்று தெரிந்த பையனுக்கு இருப்பது நல்லது. முதல் சுற்று உறுதி என்றால் காயம் படுவதற்குள் கிளம்புவதே நல்லது.

அவசரப்பட்டதன் கொடுமையான உதாரணம் ஒன்று. சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மைக் வில்லியம்ஸ், மேலே சொன்னவர் இல்லை, அதே பெயரில் வேறொருவர். 2004இல் மூன்றாண்டு விதியை ஒரு நீதிமன்றம் செல்லாது என்றதை நம்பி டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தார். மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. கல்லூரிக்கும் திரும்ப முடியாமல் ஒரு வருடம் முழுக்க ஆட்டமில்லாமல் கழிந்தது. 2005இல் டெட்ராய்ட் பத்தாவதாக எடுத்தும் அவர் எதிர்பார்த்த இடத்தை எட்டவில்லை.

காயம் பட்டா கதை முடிஞ்சுதா?

எந்தக் காயம், எப்போது என்பதைப் பொறுத்தது. 2015இல் சிகாகோ ஏழாவதாக எடுத்த கெவின் வைட் முழங்காலுக்குக் கீழே எலும்புக் காயத்தால் முதல் பருவம் முழுக்க இழந்தார். அடுத்தடுத்த காயங்களால் முதல் மூன்று ஆண்டில் ஐந்தே ஆட்டம். கற்க வேண்டிய காலத்தை அந்தக் காயங்கள் விழுங்கிவிட்டன. கப்புக்கும் 2018இல் முழங்கால் நாண் அறுந்தது. ஆனால் அதற்குள் அவர் தொழிலைக் கற்றிருந்தார். 2019இல் திரும்பி வந்து 1,161 யார்டு எடுத்தார்.

எத்தனை வருஷத்துல தெரியும், தேறுவான் தேறமாட்டான்னு?

முன்பு மூன்றாம் ஆண்டுதான் ரிசீவர் பூக்கும் ஆண்டு என்பார்கள். இப்போது பள்ளியிலிருந்தே பந்து எறியும் ஆட்டமே அதிகம் என்பதால் தயாராக வருகிறார்கள். ஜெஃபர்சன், 2021இல் 1,455 யார்டு எடுத்த சேஸ், நகுவா எல்லாம் முதல் ஆண்டிலேயே கலக்கியவர்கள். அதனால் ரசிகர்களுக்கும் அணிகளுக்கும் பொறுமை குறைந்துவிட்டது.

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டவான்டே ஆடம்ஸ் முதல் இரண்டு ஆண்டுகளில் 446, 483 யார்டுதான் எடுத்தார். இரண்டாம் ஆண்டில் கிரீன் பே ரசிகர்கள் அவரை விரட்டச் சொன்னார்கள். மூன்றாம் ஆண்டு 997 யார்டு. அதன் பிறகு லீக்கிலேயே ரிலீஸுக்கு அவரைத்தான் உதாரணம் காட்டினார்கள்.

டிராஃப்ட்ல யாரும் எடுக்கலைன்னா வீட்டுக்குப் போக வேண்டியதுதானா?

இல்லை. டிராஃப்ட் முடிந்த அன்றே அணிகள் தொலைபேசியில் அழைத்து ஆள் சேர்க்கும். மினசோட்டா ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியின் ஆடம் தீலன் 2013இல் அப்படி ஒரு முகாமில் சோதனைக்குப் போய் இடம் பிடித்தார். முதலில் பயிற்சிக் குழு, அப்புறம், பந்தை எதிரணிக்கு உதைத்து அனுப்பும் உதை ஆட்டங்களில் எதிராளியை ஓடிப்பிடிக்கும் வேலை. 2018இல் முதல் எட்டு ஆட்டத்திலும் நூறு யார்டு தாண்டினார். ராட் ஸ்மித், வெஸ் வெல்கர் இருவரும் இதே வழியில் வந்தவர்கள்.

பயிற்சிக் குழுவில் அணிக்கு 16 பேர். 2024இல் குறைந்தபட்ச வாரச் சம்பளம் 12,500 டாலர். ஆனால் எந்த வாரமும் நீக்கலாம். இங்கே பந்து பிடிப்பது மட்டும் உதவாது. ஐந்தாவது, ஆறாவது ரிசீவர் என்றால் உதை ஆட்டத்தில் ஓட வேண்டும், மற்றவர் ஓடும்போது ஆள் தடுத்து வழிவிட வேண்டும். மெக்லாரினைக் கல்லூரியிலேயே அணிகளுக்கு ஆள் தேடுபவர்கள் விரும்பியதற்கு அந்த வேலையும் ஒரு காரணம்.

உங்க கணிப்பு எப்பவாவது தப்பாச்சா?

பலமுறை. 2017இல் ஜான் ராஸின் ஓட்டத்தைப் பார்த்து, இவர்தான் அந்த வருடத்தின் ஆள் என்று வீட்டில் எல்லோரிடமும் உறுதியாகச் சொன்னேன். கப்பின் ஒரு ஆட்டத்தைக்கூட அதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. சிறிய பிரிவு என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்த ஆரகன் ஆட்டத்தைத் தேடிப் பார்த்தேன். தோற்ற ஆட்டம், 61-42. பந்து அவரிடம் வராத நேரங்களில் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து மறுபக்கம் போகும்போதும் அதே வேகத்தில் வெட்டினார், அதே இடத்தில் நின்றார், திரும்பி ஓடி ஒரு ஆளைத் தடுத்தார். இப்போது எந்தப் பையனைப் பற்றிக் கேட்டாலும் முதல் கால்பகுதி முழுக்கப் பந்தை விட்டுவிட்டு அவன் காலை மட்டும் பார்க்கிறேன். பதில் சொல்வது அதற்கப்புறம்தான்.